சாடை வெளிச்சம்

அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் என்னிடம் பேசியதல்ல. துவைக்கிற கல்லிடம் பேசியது. நான் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த மறுநாள், ஐப்பசி மாதத்து ஞாயிறு. அழுக்குத்துணி வாளியோடு கீழே இறங்கினேன். கீழ்வீட்டு அம்மா கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கல்லைப் பார்த்தே சொன்னார்:

"உப்புத் தண்ணி பைப்பு வேற, நல்ல தண்ணி பைப்பு வேறன்னு புதுசா வந்தவங்களுக்கு யாரு சொல்லப் போறா. நீயா சொல்லப் போற?"

என் கை அப்போது உப்புத் தண்ணீர்க் குழாயில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் இதற்குச் சாடை பேசுவது என்று பெயர். ஒருவரைக் குத்த நினைத்தால் அவரைப் பார்க்காமல் கோழியையோ பூனையையோ பார்த்துச் சொல்வார்கள். அதாவது, பொதுவாக அது வசவுக்கான வழி. இவர் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வழியில்தான் போனார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாடிப்படியிடம் கஞ்சி வேண்டுமா என்று கேட்டார். எதிர் வீட்டில் சாவு விழுந்தபோது, அழுகிறவளை நேரே பார்க்க மாட்டாமல், முற்றத்து முருங்கை மரத்திடம் ஆறுதல் சொன்னார். மரம் கேட்டுக்கொண்டு நின்றது, அழுதவளும் கேட்டுக்கொண்டாள்.

கேட்காத ஒரே ஆள் அவர் கணவர். நான் அவரை அண்ணாச்சி என்று அழைப்பேன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்ந்தவர். எஞ்சின் சத்தம் காதில் பாதியைத் தின்றுவிட்டது. அவர் மனைவி செம்பிடம், "மீனு வாங்கப் போறவங்க வெயிலுக்கு முன்ன போனா என்ன" என்பார். அண்ணாச்சி உள்ளேயிருந்து உரக்கக் கேட்பார்:

"யாருளா வந்திருக்கா?"

"ஒருத்தரும் வரலைன்னு சொல்லு" என்பார் அவர், செம்பிடம்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அது அவர் முகத்தில் டார்ச் அடிப்பதுபோல் ஆகிவிடும்.

அவர்களுக்கு ஒரே மகன். கப்பல் வேலைக்கான படிப்பை முடித்து, கப்பலேறுவதற்கான சான்றுகளும் கைக்கு வந்தபின், சேர வேண்டிய வாரத்தில், சினிமாவில் வேலை செய்யப்போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டான். நான் வருவதற்கு முன் நடந்தது இது. துண்டு துண்டாகத்தான் எனக்குத் தெரியவந்தது. அண்ணாச்சி, இனி இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று கத்தியிருக்கிறார். அம்மா அடுப்படியில் சோறு வடித்து இறக்கிக்கொண்டிருந்தார். மகன் செருப்பு மாட்டும்போது சோற்றுப் பானையிடம் சொன்னார்: "போறவங்க தின்னுட்டுப் போனா கொறஞ்சா போவாங்க."

மகன் நின்றான். "நீயும் குத்துதியாம்மா" என்றான். போய்விட்டான்.

பிறந்ததிலிருந்து அவர் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன். அன்றைக்கு மட்டும் தப்பாகக் கேட்டான். அதன்பின் அவன் கூப்பிடவில்லை. இவருக்கு அவன் எண் தெரியும். ஆனால் போனில் கல்லும் இல்லை, செம்பும் இல்லை, மரமும் இல்லை. நேரே அவனிடம்தான் பேச வேண்டும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சங்கதி: அது குத்தல் இல்லை, பசிக்குமே என்று சொன்னது. அதைச் சொல்ல அவருக்கு வழி தெரியவில்லை.

வழி எதிரே இருந்த யார்டிலிருந்து வந்தது. எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. சாலைக்கு அந்தப் பக்கம், துறைமுகத்துக் காலிக் கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டு. கன்டெய்னரை இங்கே யாரும் கன்டெய்னர் என்று சொல்வதில்லை, பெட்டிதான். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறவன் மகனோடு பள்ளியில் படித்தவன். மத்தியானச் சாப்பாட்டை எங்கள் முற்றத்தில் வைத்துத் தின்பான். துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரின் அலுவலகத்தில் நான் காகிதங்கள் பார்ப்பவள் என்பதால் என்னிடம் அவனுக்கு ஒரு மரியாதை உண்டு.

ஒரு கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "பெரியம்மா, ஒங்க மவன் இப்பம் ஒரு கம்பெனில இருக்கான். படத்துக்கு ஆளு எடுக்குத கம்பெனி. நடிக்க ஆசைப்படுதவங்க வீட்டுல இருந்தே போன்ல நடிச்சு எடுத்து அனுப்பணும். வாரதெல்லாம் மொதல்ல பாக்குதது அவன்தான்."

அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய மீனையே மறுபடி கழுவினார்.

"எவ்வளவு வயசானவங்களும் அனுப்பலாமான்னு கேளு" என்றார் மீனிடம்.

"அம்மா வேசத்துக்குக் கடக்கரப் பக்கத்து முகமாத்தான் கேக்குதாங்களாம்" என்றான் அவன். பிறகு தன் போனில் மகனின் படம் ஒன்றைக் காட்டினான். "பாருங்க. அப்படியே ஒங்க சாடைல்லா." எங்கள் ஊரில் முகத்தோற்றத்துக்கும் அதே சொல்தான்.

அப்படித்தான் கீழ்வீட்டு முன்னறை ஸ்டூடியோ ஆனது. பின்னால் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, ஆணியில் தொங்கியது. எதிரே ஸ்டூல், ஸ்டூல்மேல் என் தடித்த புத்தகங்கள், அவற்றின் மேல் அரிசி டப்பா, அதன்மேல் கண் உயரத்துக்கு என் போன். நான் சேர்த்துவைத்திருக்கும் சரித்திர நூல்களை அந்த வீட்டில் யாரும் பிரித்ததில்லை. ஆனால் எந்தப் புத்தகம் எவ்வளவு தடிமன் என்று அவருக்குத் தெரியும்.

வெளிச்சம்தான் அடங்கவில்லை. ட்யூப்லைட்டில் எடுத்துப் பார்த்தோம். கண்ணுக்குக் கீழே இரண்டு குழி, மூக்குக்குக் கீழே மீசை. அவர் திரையைப் பார்த்துவிட்டு, "செத்துப்போன எங்க சித்தப்பால்லா வந்து நிக்காரு" என்றார் போனிடம். வண்டி ஓட்டுகிறவன் தன் தங்கையிடமிருந்து வட்ட விளக்கு ஒன்று கொண்டுவந்தான். அவள் தையல் வீடியோ போடுகிறவள். முகம் பளிச்சென்று வந்தது. ஆனால் இரண்டு கருவிழியிலும் ஒரு வெள்ளை வட்டம்.

"கண்ணுக்குள்ள வளையல் போட்டுக்கிட்டு எவளாவது அழுவாளா" என்றார். விளக்கு அன்றே திரும்பிப் போனது.

காலையில் சன்னலைத் திறந்தால் கிழக்கு வெயில் நேரே வந்து விழுந்தது. கண்ணைச் சுருக்கினார், முகம் முழுக்கக் கோபமாக வந்தது. அன்று சன்னல் கதவிடம் அவர் சொன்னதைத்தான் நான் பல வருஷமாக யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்:

"வெயிலு நேரா மூஞ்சில விழப்படாது. எதுலயாவது பட்டுத் திரும்பி வரணும். அப்பதான் மனுச மூஞ்சி மாரி இருக்கும்."

பின்மத்தியானம் அது நடந்தது. சூரியன் வீட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும்; முன்னறை நிழலில் கிடக்கும். அந்த நேரத்தில் எதிர் யார்டின் பெட்டிச்சுவர்மேல் மேற்கு வெயில் முழுசாக விழும். பட்ட வெயில் சாலையைக் கடந்து, சன்னல் வழியாக, சத்தமில்லாமல் அறைக்குள் வரும். அறையில் யாரோ நுழைந்ததுபோல இருக்கும். தூசி நிற்கும். சுவரில் நிழல்களுக்கு ஓரம் இருக்காது. அவர் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தால், எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவருடைய வயதைச் சொல்ல முடியாது.

ஆனால் அன்றன்றைக்கு எந்தப் பெட்டி எதிரே நிற்கிறதோ அதன் நிறம்தான் முகத்தில் வரும். செம்பழுப்புப் பெட்டி என்றால் காய்ச்சல்காரி. பச்சைப் பெட்டி என்றால் பித்தம் ஏறியவள். நீலப் பெட்டி அடுக்கியிருந்த ஒரு நாள் எடுத்ததை அண்ணாச்சி பார்த்துவிட்டு, "கடல்ல முங்கி எடுத்தாப்ல இருக்காளே" என்றார். சரியான வெளிச்சம் ரீஃபர் பெட்டியில் வந்தது. இறாலும் மீனும் ஏற்றுமதியாகும் குளிர்பெட்டி, வெள்ளை நிறம். காலி ரீஃபர் சோதனைக்கும் கழுவுவதற்கும் யார்டுக்கு வந்து சில நாள் நிற்கும். அது எதிரே நின்ற மத்தியானங்களில் அறைக்குள் பால் காய்ச்சி ஆறவைத்ததுபோல் ஒரு வெளிச்சம். தாடைக்குக் கீழே மட்டும் கொஞ்சம் இருட்டு தங்கும். அதற்கு மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடியை மடியில் வைத்துக்கொள்வார். எவ்வளவு கழுவியும் அதில் சீலா மீன் வாடை. படத்தில் வாடை தெரியாது என்பது அவருக்குப் பெரிய நிம்மதி.

ரீஃபர் வரவு அலுவலகத்தில் எனக்குத் தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டார். அதிலிருந்து நான் வேலை விட்டு வரும்போதெல்லாம் துவைக்கிற கல் கேள்வி கேட்டது: "வெள்ளப்பெட்டி என்னைக்கு வருதுன்னு தெரிஞ்சவங்க தெரியாத மாரி மாடி ஏறுதாங்க, பாத்தியா?"

நான் சொல்வேன். கரித்தூசி படிந்த சன்னல் கண்ணாடியை உடனே துடைக்கத் தொடங்குவார்.

அந்த மார்கழியிலும் தையிலும் என்னென்னவோ வேடங்கள். போலீஸ் ஸ்டேஷனில் மகனைத் தேடும் தாய், கல்யாண வீட்டில் பேசாமலிருக்கும் பெரியம்மா, மருத்துவமனை ஆயா. அவர்கள் அனுப்பும் வசனத்துக்குக் காமிராவுக்குப் பக்கத்தில் நின்று நான் எதிர்வசனம் சொல்ல, அவர் நடிப்பார். நன்றாக நடித்தார் என்று சொல்ல மாட்டேன். வசனத்தைச் சுவரிடம் சொன்னார். ஒவ்வொரு முறையும் பதில் வரும்: "கிடைத்தது. நன்றி. பரிசீலிக்கிறோம்." எல்லோருக்கும் போகும் பதில். நான் படித்துக் காட்டுவேன். "அச்சடிச்சதுல்லா" என்பார் டப்பாவிடம். பார்த்துவிட்டான் என்பது தெரிகிறது; பார்த்து என்ன நினைத்தான் என்பது தெரியவில்லை.

ஒரு சங்கடம் எப்போதும் இருந்தது. எனக்குப் பின்னால், படத்தில் விழாத மூலையில், ஒரு பழைய மர அலமாரி. சாலையில் கனமான லாரி போனால் தரை அதிரும். அலமாரியின் வலக்கதவு மெல்லத் திறந்து ஒரு நீளமான முனகல் போடும். முதல் தடவையே நான் ஒரு காகிதத்தை மடித்து அடியில் செருகப்போனேன். அவர் அலமாரியிடம் சொன்னார்:

"ஒனக்குக் காயிதம் வைக்குத ஆளு இப்பம் இங்க இல்லைன்னு சொல்லு."

மகன் வீட்டில் இருந்தவரை அது அவன் வேலை. நான் காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாசி பிறந்தபின், வண்டி ஓட்டுகிறவன் புது அறிவிப்பு ஒன்றைக் காட்டினான். இந்தத் தடவை வசனம் கிடையாது. "உங்கள் வீட்டைவிட்டு ஒருவர் போகிறார். உங்கள் சொந்த வார்த்தையில் வழியனுப்புங்கள். காமிராவைப் பார்த்துப் பேசவும். சனிக்கிழமை மாலைக்குள்."

படித்துக்காட்டியதும் அவர் தெர்மாகோல் மூடியை எடுத்துத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு மூடியிடம், "சோத்தச் சொன்னதச் சொல்லிரலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை எதிரே செம்பழுப்புப் பெட்டிகள் நின்றன. சனிக்கிழமை காலையிலும் அவைதான். வெள்ளைப் பெட்டிகள் யார்டின் கடைசியில், கழுவுமிடத்தின் பக்கம். அவர் வாசலுக்கும் சன்னலுக்கும் நடந்தார். சாப்பாட்டு நேரத்தில் வண்டி ஓட்டுகிறவன் வந்தபோது முருங்கை மரத்திடம் கேட்டார்: "காய்ச்சக்காரி மாரி மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுனா, பெத்த தாயிக்கு என்னமோன்னு பயந்துர மாட்டானா?"

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். "சூப்பர்வைசர் கேட்டா கழுவ எடுத்தேன்னு சொல்லிக்கிடுதேன், பெரியம்மா. நீங்க தலய சீவுங்க."

சாலைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெரிய வண்டி வெள்ளைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து சிவப்புகளுக்கு முன்னால் வைத்ததை நானும் அவரும் சன்னலில் நின்று பார்த்தோம். ஒன்றின்மேல் ஒன்றாக உயர்ந்தது. வெயில் ஏறக்குறைய மேற்கே சாய்ந்திருந்தது. கடைசிப் பெட்டி உட்கார்ந்ததும் அறை மெல்ல வெளுத்தது. படுக்கை விரிப்பு, அவர் கழுத்துச் சிலுவை, ஸ்டூலின் கால், எல்லாம் தங்கள் எடையை இறக்கிவைத்தவைபோல நின்றன. அவன் வண்டியை அணைத்துவிட்டு, பின்னோக்கி வரும்போது அடிக்கும் அந்த 'பீப்' சத்தம் வேண்டாமென்று, டீ குடிக்கப் போனான்.

அவர் உட்கார்ந்தார். மூடியை மடியில் வைத்தார். நான் பதிவை அழுத்தினேன்.

வாய் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நிறுத்தினேன். மறுபடி. "மக்கா" என்றார், அதோடு நின்றது. மறுபடி. போனின் அந்தச் சின்னக் கண்ணாடிப் புள்ளியை அவர் பார்த்த பார்வை, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் இருந்தது. உள்ளே இருமிக்கொண்டிருந்த அண்ணாச்சி, "முடிஞ்சுதாளா?" என்று சத்தமாகக் கேட்டார். வெயில் கீழ்ப்பெட்டியைவிட்டு ஏறத் தொடங்கியது. மேல்பெட்டிகளில் மட்டும் இன்னும் இருந்தது. நான் மீண்டும் அழுத்தினேன்.

அப்போது சாலையில் ஒரு உப்பு லாரி போனது. தரை அதிர்ந்தது. எனக்குப் பின்னால் அலமாரிக் கதவு திறந்து முனகியது.

அவர் சட்டென்று அதன்பக்கம் திரும்பினார்.

"நீ சும்மா கெட. அன்னைக்கும் நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்த. குத்தியா சொன்னேன்? நீயே சொல்லு. பசியோட போறானேன்னு சொன்னேன். சோறு வடிச்சு எறக்கித்தான் வச்சிருந்தேன். அவன் அய்யா கத்துதாருன்னா அது அவரு தொண்ட. நான் சொன்னது சோத்துக்கு. எனக்கு மூஞ்சியப் பாத்துச் சொல்ல வராது. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

பிறகு திரும்பி, போனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். இரண்டு கன்னத்திலும் ஒரே அளவு வெளிச்சம். அது குறைந்து, குறைந்து, விரிப்பும் முகமும் ஒரே சாம்பலாகும்வரை நான் நிறுத்தவில்லை.

காமிராவைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது விதி, இன்னொன்று எடுக்கலாமா என்று கேட்டேன். "இத அனுப்புனாப் போதும்னு சொல்லு" என்றார் மூடியிடம். அனுப்பினேன்.

பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. திங்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, செவ்வாய்தான், அவர் அந்தோணியார் கோவிலுக்குப் போய் வந்திருந்தார். படித்துக் காட்டினேன்:

"கிடைத்தது. வெளிச்சம் நன்று. ஒலியில் இடையூறு உள்ளது. அலமாரியின் வலக்கதவுக்கு அடியில் காகிதத்தை நாலாக மடித்துச் செருகிவிட்டு, மறுபடி எடுத்து அனுப்பவும்."

அலமாரி எந்தப் படத்திலும் இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்கிற வேறு யாராக இருந்தாலும் அதை நாற்காலி என்பார்கள், வாசற்கதவு என்பார்கள், பூனை என்றுகூடச் சொல்வார்கள்.

"திரும்பப் படி" என்றார். கல்லிடமோ மூடியிடமோ இல்லை, என்னிடம். நான் திரும்பப் படித்தேன். அவர் எழுந்து போய் அலமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்தார்.

"கேட்டியா. ஒன்னத்தான் தேடுதான்."

நான் ஒரு தாளைக் கிழித்து மடித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு அலமாரியிடம் சொன்னார்: "வேண்டாம்னு சொல்லு. வச்சவன் வந்து வைக்கட்டும்."

அடுத்த வெள்ளைப்பெட்டி மத்தியானத்தில் மறுபடி எடுத்தோம். லாரிக்காகக் காத்திருந்து, கதவு முனகிய பிறகுதான் பேசத் தொடங்கினார். என்ன பேசினார் என்பது முக்கியமில்லை. முருங்கை பூத்திருக்கிறது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது. அதற்கும் பதில் வந்தது.

"கதவு இன்னும் சத்தம் போடுகிறது. பின்னணியில் இருமல் கேட்கிறது. இருமுகிறவர் ஆவி பிடிக்கவும்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணாச்சி காதில் கையை வைத்துக்கொண்டு வந்தார். "என்னளா சொல்லுதான்? யாரு?"

"ஆவி புடிக்கச் சொல்லுதாங்க" என்றேன் நான்.

"எந்த ஆபீஸ்ல ஆவி புடிக்கச் சொல்லுதான்? நடிக்கதுக்கும் அதுக்கும் என்ன?"

அவர் மனைவி சுற்றிலும் பார்த்தார். செம்பு அடுப்படியில் இருந்தது. மரம் வெளியே. பிறகு அண்ணாச்சியின் நல்ல காதுப் பக்கம் குனிந்து, நேராக, "ஒங்க மவன் ஆபீஸ்ல" என்றார்.

அண்ணாச்சி சன்னல் வழியாக யார்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருமல் வந்தது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் வெள்ளைப் பெட்டியிடம் சொல்வதுபோல், "நொச்சி இல கெடக்கா பாரு" என்றார்.

அன்று சாயங்காலம் அந்த வீடு முழுக்க நொச்சி மணம்.

படத்தில் வாய்ப்பு வந்ததா என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் கேட்பார்கள். வரவில்லை. அவர் கேட்கவும் மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சித்திரையில் அலுவலகம் என்னைக் கொச்சிக்கு மாற்றியது. புத்தகங்களைக் கட்டும்போது, அடியில் இருந்த தடித்த ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டுமா என்று கல்லிடம் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுபடி நான் போனது அடுத்த வருஷம் மாதா திருவிழாவுக்கு. தேர் பார்க்க வந்த கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே போய்ச் சேர்ந்தபோது பின்மத்தியானம். எதிர் யார்டில் பெட்டிகள் கலப்படமாக நின்றன. ஒரு வெள்ளை, ஒரு நீலம், இரண்டு சிவப்பு. அறைக்குள் வெளிச்சம் இன்ன நிறமென்று சொல்ல முடியாதபடி மிதந்தது. விரிப்பு ஆணியில் இல்லை. என் புத்தகத்தின்மேல் அரிசி டப்பா இருந்தது. அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார், இருமாமல்.

அவர் காப்பி கொண்டுவந்து வைத்தார். "கொச்சியில மீனு நல்லா கெடைக்கும், ஆனா சமைச்சுத் தின்னாத்தான" என்றார் டம்ளரிடம். நான் மெலிந்துவிட்டேன் என்று பொருள்.

நாங்கள் உட்கார்ந்திருந்தோம். சாலையில் ஒரு லாரி வந்தது; கனமான பாரம். தரை காலுக்கடியில் அதிர்ந்தது. டம்ளரில் காப்பி நடுங்கியது. பழக்கத்தில் நான் அந்த முனகலுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். அலமாரியின் வலக்கதவு சாத்தியிருந்தது. அடியில் நாலாக மடித்த காகிதம், இறுகச் செருகியது. கணினியில் அச்சடித்த சினிமாக் காட்சித் தாள். வெளியே தெரிந்த ஓரத்தில் படிக்க முடிந்தது இவ்வளவுதான்: வீடு / உள் / பகல்.

"அக்கா, யாரு வச்சது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அலமாரியைப் பார்த்தார்.

"ஒன்னத்தான கேக்காங்க" என்றார். "சொல்லேன்."